கூட்டு மருந்தும் கும்மிக் களமும்

முப்பது விநாடிக்குள் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் வீட்டு ஆசாரத்தில் போட்ட மர நாற்காலியில் அதை முதன்முதலாகச் செய்து பார்த்தபோது என்னால் ஏழு முறைதான் எழ முடிந்தது. அறுபதைத் தொட்ட பெண்களே 12 முறையாவது எழ வேண்டும் என்பது கணக்கு. எனக்கு அப்போது 44 வயது. நான் எச்.ஐ.வி. உள்ளவள். அதற்கான கூட்டு மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையத்துப் பதிவேட்டைப் புரட்டினால் நான் மிக நலமாக இருந்தவள். நோய் எதிர்ப்பு அணுக்களைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியிருந்தது, இரத்தத்தில் வைரஸின் அளவைச் சொல்லும் வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது, ஒரு மாதம்கூட மாத்திரை தவறியதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், "ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்குதுங்களே" என்று அன்போடு சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பதிவேட்டுக்கும் இந்த நாற்காலிக்கும் நடுவே கிடந்த இடைவெளியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

என் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். என் கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். போர் போட மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று கிளம்பினால் வீடு திரும்ப மாதக்கணக்கு ஆகும். அவர் 2003-இல் இறந்தார், அதன் பிறகே எனக்கும் பரிசோதனை செய்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் சில இடங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று என்பதால், ஈரோட்டுக்குப் போய் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலையில் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து சானடோரியத்தில் இறங்குவேன். அந்த மருந்து இல்லையென்றால் என் மகனை வளர்க்க நான் இருந்திருக்க மாட்டேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல எனக்கு மனம் வருகிறது.

அன்றைய கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. அது உயிரைக் காத்தது, கூடவே உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் சேதப்படுத்தியது. கன்னம் ஒட்டிப்போனது, கைகால்களில் கொழுப்பு கரைந்து நரம்பு புடைத்துத் தெரிந்தது, பாதம் இரவெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைப் படிப்படியாகக் கைவிடும்படி அறிவுறுத்தியது. இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை, நாளுக்கு ஒன்று. எனினும் பழைய மருந்து நரம்பில் விட்டுச் சென்ற சேதம் என்னைப் போன்ற பழைய ஆட்கள் பலருக்கு இன்றும் இருக்கிறது. புதிய மாத்திரையிலும் டெனோஃபோவிர் எலும்பின் அடர்த்தியைச் சற்றுக் குறைக்கக்கூடியது, டோலுடெக்ராவிர் சிலருக்கு எடையைக் கூட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வைரஸ் அடங்கிக் கிடந்தாலும் உடம்புக்குள் ஒரு மெல்லிய அழற்சி கனன்றுகொண்டே இருப்பதால், இதய நோய் எங்களுக்கு மற்றவர்களைவிட முன்னதாகவும் கூடுதலாகவும் வருகிறது. இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரைச் சேர்த்து நடந்த ரிப்ரீவ் ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவஸ்டாட்டின் மாத்திரை, மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகளை 35 விழுக்காடு குறைத்தது என்று அது காட்டியது. எங்கள் மருத்துவம் உயிரைக் காப்பதிலிருந்து இதயத்தையும் எலும்பையும் காப்பதற்கு நகர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

ஆனால் வீட்டில் எனக்குச் சொல்லித் தரப்பட்டது வேறு. "உடம்பை அலட்டிக்காத கண்ணு, படுத்துக்க" என்றுதான் என் அம்மா பதினைந்து ஆண்டுகளாகச் சொன்னார். சோர்வு வந்தால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துப் படுத்தோம், படுத்ததால் தசை கரைந்தது, தசை கரைந்ததால் சோர்வு கூடியது. இந்தச் சுழலில் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும். இன்று இரண்டு குடம் தண்ணீர் எடுப்பேன், நாளை ஒரு சொம்பு கனக்கும். கனடாவைச் சேர்ந்த பிசியோதெரபி ஆய்வாளர் கெல்லி ஓ'பிரையனும் அவருடன் பணியாற்றியவர்களும், எச்.ஐ.வி. உள்ளவர்களிடமே கேட்டு, இந்த வந்து வந்து போகும் இயலாமையை 2008-இல் ஒரு கோட்பாடாகவே எழுதி வைத்தார்கள் என்று அறிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை என் கெட்ட நாட்களைச் சாக்கு என்றுதான் சொந்தக்காரர்கள் பேசினார்கள்.

அதே ஓ'பிரையன் குழுவினர் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்துச் சொன்னதன் சாரம் இது: மூச்சு வாங்கவைக்கும் பயிற்சியை ஒரு தடவைக்கு 20 நிமிடமாவது, வாரத்துக்கு மூன்று முறை, குறைந்தது ஐந்து வாரம் செய்தால், உடல்நிலை நிலையாக உள்ள எச்.ஐ.வி. உள்ளோருக்கு அது பாதுகாப்பானது. மூச்சின் திறனும் தசையின் வலுவும் மனநிலையும் மேம்படுகின்றன. சி.டி.4 எண்ணிக்கையை அது உயர்த்துவதாகத் தெரியவில்லை, குறைக்கவும் இல்லை. ஆகவே பயிற்சி மாத்திரைக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதலும் எச்.ஐ.வி. உள்ளோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது.

வழிகாட்டுதல் இருக்கிறது, போவதற்கு இடம்தான் இல்லை. ஒருமுறை தோள் இறுகிப்போய்த் தனியார் பிசியோதெரபி நிலையம் ஒன்றுக்குப் போனபோது, படிவத்தில் நோயை மறைக்காமல் எழுதினேன். அங்கிருந்தவர் இரண்டு ஜோடிக் கையுறையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, தோளைத் தொடாமல் விரல் நுனியால் எட்டிக் காட்டினார்; அடுத்த வாரம் போனபோது நேரம் இல்லை என்றார்கள். தொடுவதால் எச்.ஐ.வி. பரவாது என்பது நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், சிகிச்சையை மறுப்பதையும் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. சட்டத்தைச் சொல்லி வாதாடும் தெம்பு அன்று எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கையைத் தூக்காமலே இருந்தேன்.

வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட் அவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பதோடு பிசியோதெரபியையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. ஒருநாள் அவரைத் தனியாக அழைத்து என் நிலையைச் சொன்னேன். அவர் கையுறையைத் தேடவில்லை. "நாற்காலி ஒண்ணு எடுத்துப் போடுங்க அக்கா" என்றார். அந்த ஏழு எண்ணிக்கை அன்று வந்ததுதான்.

பிறகு ஏ.ஆர்.டி. மையத்துப் பெஞ்சில் பழகிய ஆறு பேரிடம் பேசினேன். அந்தப் பிசியோதெரபிஸ்ட் அம்மிணி தம் ஞாயிற்றுக்கிழமைக் காலையை எங்களுக்குக் கொடுத்தார். தெரிந்தவர் தோட்டத்துக் களத்தில், மஞ்சள் காயாத மாதங்களில், கூடுவோம். முதல் நாளே எல்லாருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார். நெஞ்சுவலி, விடாத இருமல், காய்ச்சல் இருந்தால் களத்துக்கு வராமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். இடுப்பு மூட்டில் வலி என்று நொண்டிய ஓர் அண்ணனைப் பயிற்சியில் சேர்க்காமல் எலும்பு மருத்துவரிடம் அனுப்பினார். தொடை எலும்பின் பந்துமுனைக்கு இரத்த ஓட்டம் குறைந்து நலிவது எங்களில் சற்றுக் கூடுதலாக நேர்வதால், அந்த வலியைக் கும்மாளமாகக் குதித்துத் தீர்க்க முடியாது.

அன்றே அவர் எங்கள் எல்லாரையும் செருப்பைக் கழற்றி உட்காரச் சொன்னார். பஞ்சை விரலிடுக்கில் தடவி, கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதா என்று கேட்டபடி ஒவ்வொருவராக வந்தார். வெப்படைப் பக்கத்திலிருந்து வரும் அக்கா ஒருவரின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோது, குதிகாலுக்குச் சற்று மேலே நெருஞ்சிமுள் ஒன்று முழுதாக ஏறி, சுற்றிலும் சிவந்திருந்தது. "எப்பங்க்கா குத்துச்சு?" என்று கேட்டதற்கு, "முள்ளா? எங்கீங் அம்மிணி?" என்று அந்த அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அது தெரியவே இல்லை. அதிலிருந்து பயிற்சிக்கு முன்னும் பின்னும் பாதத்தைப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று. குனிய முடியாதவர் கையகலக் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

பயிற்சியில் மாயம் எதுவும் இல்லை. களத்தைச் சுற்றி வேகநடை; பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்ற அளவு. மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குதல், நாற்காலியில் எழுந்து உட்காருதல், சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்றல். கெட்ட நாளில் வருபவர் பாதியை மட்டும் செய்வார், ஆனால் வருவார். டொராண்டோவில் ஒய்.எம்.சி.ஏ.யில் எச்.ஐ.வி. உள்ளோருக்காக நடத்திய சமூகப் பயிற்சித் திட்டத்திலும் வாரத்தில் மூன்று முறை பயிற்சி, ஒருமுறை பயிற்சியாளரின் நேரடிக் கவனிப்பு என்று 25 வாரம் ஓட்டினார்கள். பயிற்சியாளர் உடனிருப்பது எவ்வளவு முக்கியமோ அதே அளவு, ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருப்பதும் முக்கியம் என்று என் அனுபவம் சொல்கிறது.

விசைத்தறி ஓட்டும் தம்பி ஒருவர், "பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டே இருக்கறனுங்க, இதுக்கு மேல என்னங்க பயிற்சி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தறியில் நிற்பதால் காலும் இடுப்பும் வலிக்குமே தவிர நெஞ்சு வேகமாகத் துடிப்பதில்லை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் தசை தேய்கிறது, மற்றவை உறங்குகின்றன என்று அம்மிணி விளக்கினார். அவருக்கு நடையைக் குறைத்து, முதுகை நிமிர்த்தும் பயிற்சியைக் கூட்டினார். கூலியில் ஒரு பொழுதை இழந்து யாரும் வர முடியாது என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமை. மற்ற இரண்டு நாளும் அவரவர் வீட்டில்.

வீட்டில்தான் தடுமாறினோம். தனியாகச் செய்யும்போது இரண்டாம் வாரமே கை ஓய்ந்துவிடும். அப்போதுதான் ஊரில் வள்ளி கும்மிப் பயிற்சி தொடங்கியது. வள்ளி கும்மி ஆசான் தேக்கம்பட்டி பத்திரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ பெற்றபோது கொங்கு நாடே மகிழ்ந்தது. ஆண்களே ஆடி வந்த ஆட்டத்துக்குள் பெண்களைக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று மாரியம்மன் கோயில் திடலில் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பேரன் எடுத்த அப்பத்தா வரை ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். குனிந்து, நிமிர்ந்து, சுழன்று, கைதட்டி, பாட்டின் வேகம் கூடக் கூடக் கால் மாற்றி ஆடும்போது ஒரு மணி நேரத்தில் உடம்பு நனைந்துவிடும். அம்மிணி ஒரு மாலை வந்து எங்கள் நாடித் துடிப்பை எண்ணிப் பார்த்துவிட்டு, களத்து வேகநடைக்கு இது சற்றும் குறைந்ததில்லை என்றார். அந்த வட்டத்தில் எங்களில் நான்கு பேர் இருக்கிறோம் என்பது எங்களுக்கு மட்டுமே தெரியும். எச்.ஐ.வி. உள்ளோருக்கு என்று பலகை மாட்டிய கூடம் ஒன்றைக் கட்டினால் இந்த நால்வரில் ஒருவரும் அதன் வாசலை மிதிக்க மாட்டார்கள். ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வர வேண்டும், உடம்பை அளந்து இன்னது செய், இன்னது செய்யாதே என்று அவர் எழுதித் தர வேண்டும். ஆடுவதும் நடப்பதும் ஊரோடு ஊராக நடக்க வேண்டும். இதைத்தான் அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

சென்ற மாதம் அதே நாற்காலியில் நான் 14 முறை எழுந்தேன். நெருஞ்சிமுள் குத்திய அக்காவும் இப்போது கும்மிக்கு வருகிறார், கனத்த அடிப்பாகமுள்ள துணிச் செருப்பைப் போட்டுக்கொண்டு. எல்லாரும் வெறுங்காலோடு ஆடும் இடத்தில் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று முதல் நாள் என் கையைப் பிடித்தபடியே நின்றார். மூன்றாம் பாட்டில் எம்பிக் குதித்துத் திரும்பும் இடம் வந்தது. அவர் மட்டும் குதிக்காமல் நின்றுவிட்டார். கும்மி வாத்தியார் பாட்டை நிறுத்தினார். அவர் செருப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "எல்லாரும் இந்த இடத்துல குதிக்க வேண்டாமுங்க, பக்கத்துல ஒதுங்கி ஒரு அடி வெச்சுத் திரும்பிக்கலாம், அதும் பாக்க நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மீண்டும் முதல் வரியிலிருந்து எடுத்தார். நாற்பது பேரும் ஒதுங்கி ஓர் அடி வைத்துத் திரும்பினோம்.