சூரியன் மறைஞ்சதும் ட்ரோனை இறக்கிடாதீங்க

கல்யாண மண்டபத்தை ட்ரோன்ல எடுக்கிறவங்க நிறைய பேர் சூரியன் மறைஞ்ச உடனே மூட்டை கட்டிடறாங்க. பார்த்தா வயிறு எரியுது. நல்ல படம் அதுக்கப்புறம்தானே!

சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்குற வரைக்கும் வானத்துல வெளிச்சம் மிச்சமிருக்கும். அந்த இடைவெளியிலதான் மண்டபத்து விளக்கும் வானமும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்துக்கு வரும். ஜன்னல்ல மஞ்சள், கூரைக்கு மேல கருநீலம். சில நிமிஷம்தான் நிக்கும்.

ஒயிட் பேலன்ஸை (கேமரா நிறத்தைச் சரிக்கட்டுற அமைப்பு) மட்டும் ஆட்டோவுல விடாதீங்க. அந்தி நிறத்தைத் தப்புன்னு நெனச்சு 'திருத்தி' வெளுக்க வெச்சிடும். 5500 கெல்வின்ல (ஒளியோட நிறத்தைச் சொல்ற அளவு) பூட்டிடுங்க. ரா ஃபார்மட் (கேமரா பதிஞ்சதை அப்படியே வைக்கிற கோப்பு), எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுல பல படமா எடுக்கிறது), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. ஷட்டர் மெதுவானா பரவாயில்ல, காத்து இல்லேன்னா கிம்பல் (கேமராவை ஆடாம பிடிக்கிற கருவி) தாங்கும்.

உயரம் 30 மீட்டரே தாராளம். 120க்கு ஏத்தினா வெறும் கூரைதான் தெரியும் (அது யாருக்கு வேணும்?).

விருந்தாளிங்க தலைக்கு மேல பறக்க விடாதீங்க, பல நாடுகள்ல அதுக்குக் கடும் கட்டுப்பாடு இருக்கு. அவங்க வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலமே எடுத்துடறது உத்தமம்.

எல்லா லைட்டையும் முன்னாடியே போடச் சொல்லி வைங்க. இல்லேன்னா சுவிட்ச் ரூம் சாவி யார்கிட்டன்னு தேடறதுலயே வெளிச்சம் போயிடும்.