நாரைகள் குடியிருக்கும் தெரு

ஐப்பசி 3, தீபாவளி

கூந்தன்குளத்தில் எனக்கு இது முதல் தீபாவளி. பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை கிடைத்ததிலிருந்து அத்தை வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். விடிய ஐந்து மணிக்கு எண்ணெய் வைத்தார்கள், அதிரசம் வந்தது, புதுத்துணி வந்தது. வெடிச்சத்தம் மட்டும் வரவில்லை. தெரு முழுக்க அப்படித்தான்.

சென்னையிலிருந்து வந்திருந்த அத்தையின் பேரன் ஒரு பை நிறைய வெடி கொண்டுவந்திருந்தான். அத்தை அவனைத் திட்டவில்லை. கொல்லைக்குக் கூட்டிப்போய்ப் புளியமரத்தைக் காட்டினார்கள். கிளைகளில் போன வருடத்துக் கூடுகள், காய்ந்த சுள்ளிக் குவியல்களாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"அதில் ஒன்றுமே இல்லையே ஆச்சி?"

"வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள். வீடு அவர்களுடையதுதானே?"

பையன் யோசித்தான். பிறகு பையைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுக் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொண்டான். நாரைகள் வர இன்னும் இரண்டு மாதமாவது இருக்கிறது. இல்லாதவர்களுக்காக ஓர் ஊரே சத்தத்தை அடக்கிக்கொள்வதை நான் இதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை.

மார்கழி 12

அத்தை துணிக்கொடியை அவிழ்த்துவிட்டார்கள். புளியமரத்திலிருந்து கிணற்றடிக்குக் கட்டியிருந்த கயிறு, இன்று வீட்டின் கிழக்குப் பக்கம் போய்விட்டது. "வரும் நேரம்" என்றார்கள், அவ்வளவுதான்.

நான் சேரன்மகாதேவிக்காரி. கன்னடியன் கால்வாய்க் கரையில் வளர்ந்தவள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளையும் வயல்கள். எங்களுக்குத் தண்ணீர் என்பது வாய்க்காலில் வந்து நிற்கிற உறவினர் மாதிரி. அதனால்தானோ என்னவோ, நாங்கள் வானத்தைப் பார்த்துப் பேசமாட்டோம். நாங்குநேரிப் பக்கத்து மக்கள் அப்படியில்லை. வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாற்றிலிருந்து கால்வாய் வழி வரும் தண்ணீரும் சேர்ந்துதான் இந்தக் குளத்தை நிரப்ப வேண்டும். டீக்கடையில் முதல் பேச்சே "குளத்தில் எவ்வளவு கிடக்கிறது?" என்பதுதான். பறவைகள் கேட்பதும் அதே கேள்விதான். தண்ணீர் இல்லாத வருடத்தில் அவை வேறு குளம் பார்த்துப் போய்விடும். அந்த வருடங்களில் தெரு துக்க வீடு மாதிரி இருக்கும் என்று அத்தை சொன்னார்கள்.

தை 11

வந்துவிட்டார்கள். புளியமரத்தில் மட்டும் ஒன்பது கூடு எண்ணினேன். புத்தகத்தில் மஞ்சள் மூக்கு நாரை. ஊர்ப் பேச்சில் செங்கால் நாரை. இனப்பெருக்கக் காலத்தில் வால் பக்கத்து இறகில் ஒரு ரோஜா நிறம் ஏறுகிறது. விடியல் வெளிச்சத்தில் அதைப் பார்க்க வேண்டும்.

குளத்தங்கரையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொலைநோக்கியோடு நின்றார்கள். 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள். வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்றைக் காட்டினார்கள்: வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வருபவை. 7,000 மீட்டருக்கு மேலும் பறந்ததாகப் பதிவு இருக்கிறது. சமவெளியில் வாழும் மற்ற வாத்துகளைவிட இவற்றின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். இதை இரவுச் சாப்பாட்டில் அத்தைக்கு விளக்கினேன்.

"மலையோடு பழகிப் பழகி மூச்சு அப்படி ஆகிவிட்டது, இல்லையா மருமகளே?"

எத்தனையோ தலைமுறைகளில் நடந்த இயற்கைத் தேர்வு அது, ஒரு வாத்து பழகிப் பெறுவதல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, கொல்லையில் தட்டு கழுவும்போது பாத்திரம் ஒன்றோடொன்று மோதாமல் வைக்கும் அத்தையின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது ஒரே ஆயுளில் வந்த பழக்கம். இரண்டையும் நாளை எட்டாம் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லப்போகிறேன்.

மாசி 19

நாற்றம். அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். மீன் கவிச்சியும் எச்சமும் வெயிலும் சேர்ந்த நெடி, சோற்றில்கூட இறங்கிவிடுகிறது. முற்றம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி கிடக்கிறது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கழுவுகிறோம்.

அதே எச்சம் குளத்தில் விழுந்து கரைந்து வண்டலோடு படிகிறது. கோடையில் அந்த வண்டலை அள்ளி வயலில் போடுகிறார்கள். நாரை தின்ற மீன் நெல்லாகத் திரும்பி வருகிறது. மரங்களுக்கு மட்டும் இது சில நேரம் அதிகமாகிவிடும். எச்சத்தின் காரம் தாங்காமல் கிளைகள் பட்டுப்போகும். எங்கள் புளியமரத்தின் மேற்குக் கிளை அப்படித்தான் போயிற்று. அத்தை அதை வெட்டவில்லை. காய்ந்த கிளையிலும் கூடு இருக்கிறதாம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்த மக்களை "எவ்வளவு இரக்கம்!" என்று புகழ்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. இரக்கம் மேலிருந்து கீழே வருவது. இங்கே மேலே இருப்பது நாரை. இது அண்டை வீட்டுக்காரர்களோடு இருக்கும் உறவு. நெடியைப் பற்றி முணுமுணுப்பார்கள், எச்சம் விழுந்த சேலையைக் காட்டி ஏசுவார்கள், ஆனால் குஞ்சு கீழே விழுந்தால் முதலில் ஓடுகிறவர்களும் அவர்களே. 1994-ல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இப்போது இடம் இருக்கிறது. இந்த உறவு அவற்றுக்கெல்லாம் மூத்தது.

பங்குனி 24

இன்று ஒரு குஞ்சு விழுந்தது. கிணற்றடியில், சாம்பல் நிறத்தில், கால்கள் மடங்கிக் கிடந்தது. நான் தொடப் பயந்தேன். எதிர்வீட்டுச் சிறுமி, மூன்றாம் வகுப்புதான் இருப்பாள், துண்டை அதன் கண்ணை மறைக்கிறபடி போட்டு அள்ளினாள். "கண் மறைந்தால் பயப்படாது டீச்சர்." யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. வனத்துறையின் பராமரிப்பு இடத்துக்கு நாங்கள் இருவரும் நடந்தே கொண்டுபோனோம். வழியெல்லாம் அது கரகரவென்று கத்திக்கொண்டே வந்தது. வளர்ந்த செங்கால் நாரை ஏறக்குறைய ஊமை, அலகைத் தட்டித்தான் பேசும். குஞ்சுகள்தான் இந்தத் தெருவின் சத்தம்.

சித்திரை 9

அனல். மதியம் ஜன்னல் வழியே பார்த்தேன். கூட்டின் விளிம்பில் தாயோ தகப்பனோ, இரண்டு இறக்கையையும் அகல விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நின்றது. வெகுநேரம் அசையவில்லை. இன்னொன்று குளத்திலிருந்து வந்து, அலகிலிருந்து குஞ்சுகள் மேல் தண்ணீரைக் கொட்டியது. கீழே அத்தை அதே நேரத்தில் திண்ணையில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வைகாசி 20

குளம் வற்றுகிறது. பெரும்பாலான கூடுகள் காலி. இன்று இதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை.

ஆனி 7

புளியமரத்தில் ஒரே ஒரு இளம் நாரை மிச்சம். பிந்திப் பொரித்தது. கிளையில் நின்று இறக்கையை அடித்துப் பார்க்கிறது, கால் மட்டும் கிளையை விடுவதில்லை. மற்ற எல்லாம் போய்விட்டன. இரவில் தெரு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. இரண்டு நாளாக எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. துவைக்க நிறையத் துணி. கிழக்குப் பக்கத்துக் கொடியில் இடம் போதவில்லை.

"கயிற்றைப் பழைய இடத்தில் கட்டிவிடட்டுமா அத்தை?"

அண்ணாந்து பார்த்தார்கள். "அதுவும் போகட்டும், மருமகளே."

மிச்சத் துணியைத் திண்ணைக் கம்பியில் காயப்போட்டேன்.