சஃபாரி சட்டைக்குள் முக்கால் கிலோ

கும்பகோணத்தில் நகைக்கடை வாசலில் சஃபாரி போட்டு ஒருத்தர் காவலுக்கு நின்றால் போதும், "இடுப்புல சாமான் இருக்கு" என்று எதிர்த்த பூக்காரம்மா வரைக்கும் தெரிந்துவிடும். சட்டமோ தெரியவே கூடாது என்கிறது. 2016 ஆயுத விதிகள்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ அதுபோன்ற பையிலோதான் இருக்க வேண்டும், முழுக்க மூடியும் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் எடுத்து ஆட்டிக் காட்டினால் லைசென்ஸுக்கே வேட்டு.

கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் என்றால், ஆறு தோட்டாவும் போட்டபின் முக்கால் கிலோ பக்கம் வரும். உரித்த தேங்காயைச் செருகிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற கதைதான். துப்பாக்கியின் குழல் பேன்ட்டோடு ஒட்டிக் கிடக்கும். துருத்திக்கொண்டு நிற்பது பிடிதான், அதற்கு அடுத்தபடி தோட்டா உருளை. முதல் குற்றவாளி பெல்ட். பிளாட்பாரத்தில் வாங்கிய மெல்லிசு பெல்ட் மத்தியானத்துக்குள் தொங்கிவிடும், பிடி வெளிப்பக்கம் சாயும். ஒன்றரை அங்குல அகலத்தில் இரட்டைத் தோல் பெல்ட் வேண்டும். பேன்ட்டில் உறைக்கு முன்னும் பின்னும் பெல்ட் நுழைகிற பட்டி ஒவ்வொன்று கூடுதலாகத் தைத்தால் உறை நகராது.

தையல்காரரிடம் போகும்போது ஆயுதத்தைக் கடை லாக்கரில் வைத்துவிட்டு, வெறும் உறையை மட்டும் மாட்டிக்கொண்டு போக வேண்டும். கூச்சப்பட்டுச் சும்மா போய் அளவு கொடுக்கிறவர்கள்தான் அதிகம். மாட்டிக்கொண்டு போனால் பேச்சு இப்படித்தான் போகும்:

"மிலிட்டரிண்ணே, போன தடவைக்கு இடுப்பு ரெண்டு இஞ்ச் ஏறிருக்கு. வீட்ல சாப்பாடு பலமோ?"

"வயிறு இல்ல பாய்."

"அப்ப?"

"தைங்க பாய், கேக்காதீங்க."

சட்டைக்கு இடுப்பில் இரண்டு அங்குலம் லூஸ், உறைக்குக் கீழே நாலு விரல் இறக்கம், பக்கவாட்டு ஓப்பன் மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். துணி கனமாக, அடர்ந்த நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டினால் உள்ளே இருப்பதைப் படமே போட்டுவிடும். இவ்வளவு செய்தாலும் ஆடி மாதம் ஒன்று இருக்கிறதே! அம்மியை நகர்த்துகிற காற்றுக்குச் சட்டை எம்மாத்திரம்? பாலத்தில் பைக்கில் போகிறவர் கடைசிப் பட்டனையும் போட்டே ஆக வேண்டும்.

குனியக் கூடாது, குந்த வேண்டும். குனிந்தால் பிடி முதுகுப் பக்கம் முளைக்கும். பந்தியில் சம்மணம் போட்டால் விலாவில் குத்தும். மேஜை இருக்கிற வரிசையைத் தேடிப் போவது உத்தமம். கழிவறைதான் பெரிய கண்டம். பெல்ட்டைத் தளர்த்தியதும் முக்கால் கிலோ தரையை நோக்கிக் கிளம்பிவிடும். அதற்காக எடுத்து ஆணியில் மாட்டக் கூடாது, மாட்டினால் மறப்பது நிச்சயம். உறையிலிருந்து எடுக்காமல், உறையோடு சேர்த்துப் பேன்ட்டை முழங்கால் மட்டத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காவிரிக் கரை ஈரமும் வியர்வையும் சேர்ந்தால் துரு சீக்கிரம் ஏறும். வேலை முடிந்ததும் தோட்டாக்களை இறக்கி, உருளையின் அறைகள் காலியா என்று கண்ணால் பார்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் லேசாகத் தடவ வேண்டும். தோல் உறைக்குள் ராத்திரி வைக்கவே கூடாது. தோல் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். தோல் பட்டியில் செருகி வைத்த தோட்டாக்களில் பச்சைக் களிம்பு பூக்கும், பதனிட்ட தோலின் வேலை அது. அப்படிப் பூத்ததை ஒதுக்கிவிட வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கை அடங்காது. நிமிடத்துக்கு ஒருதரம் முழங்கை இடுப்பைத் தொட்டுப் பார்க்கும். தேர்தல் வந்து, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீதும் வாங்கியாயிற்று. மறுநாள் டீக்கடையில் அதே முழங்கை அதே இடத்தைத் தடவுகிறது. மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்கிறார்:

"ஸ்டேஷன்லதானண்ணே கெடக்கு, இங்க எதத் தேடுறீங்க?"