சேத்தாராவின் நெத்திலிச் சாறு

தென் இத்தாலியின் சலேர்னோ நகரில் ஏறிய பஸ், ஒருபுறம் பாறையும் மறுபுறம் கடலுமாக வளைந்து வளைந்து ஓடி, அரை மணி நேரத்தில் சேத்தாராவில் இறக்கிவிட்டது. அதே கரையிலுள்ள புகழ்பெற்ற சுற்றுலா ஊரான அமால்ஃபியைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே இறங்குவதில்லை. நான் இறங்கியது நெத்திலிக்காக.

மலையிடுக்கில் செருகிவைத்தாற்போன்ற சிற்றூர். வண்ண ஓடு பதித்த குவிமாடத்துடன் புனித பேதுரு தேவாலயம், கரையில் பழைய காவல்கோபுரம், துறைமுகத்தில் சூரை பிடிக்கும் பெரிய படகுகள். பத்து நிமிடத்தில் ஊரைச் சுற்றிவிடலாம். பிறகு சாப்பிட உட்கார்ந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

ஐந்தே மேசை போட்ட கடை. நடத்துகிற அம்மாள் ஸ்பகெட்டி வேகும் தண்ணீரில் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. ஒரு கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு, கொஞ்சம் மிளகாய், நறுக்கிய பார்ஸ்லி. அதில் தேன் நிறத்தில் தெளிந்திருந்த சாற்றை ஒரு கரண்டி விட்டார். வெந்த ஸ்பகெட்டியை அதில் கொட்டிப் புரட்டினார். அவ்வளவுதான். அந்தச் சாற்றை அடுப்பில் ஏற்றக் கூடாதாம்.

அதன் பெயர் கொலத்தூரா. முகர்ந்தால் கருவாட்டு வாசம். நாகப்பட்டினத்தில் பிறந்த எனக்கு அது வீட்டு முற்றத்தின் வாசம்! வாயில் வைத்ததும் அந்த வீச்சம் மறைந்து, ஆழமான ஒரு ருசி நாக்கின் அடிவரை இறங்கியது. உப்பு தனியாகத் தெரியவில்லை. மீனும் தனியாகத் தெரியவில்லை.

செய்முறை பொறுமையைக் கேட்பது. வசந்தம் தொடங்கிக் கோடைவரை பிடிபடும் நெத்திலியைக் கையாலேயே தலை கிள்ளிக் குடல் நீக்குகிறார்கள். செஸ்ட்நட் மரத்தாலான சிறு பீப்பாயில் மீன் ஓர் அடுக்கு, கல்லுப்பு ஓர் அடுக்கு என்று நிரப்பி, மேலே பலகை வைத்துக் கடற்கல்லை ஏற்றிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் கசிந்து ஊறும் சாறு, கடைசியில் மீன் அடுக்குகளின் ஊடாகவே வடிந்து, பீப்பாயின் அடித்துளை வழியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. டிசம்பர் தொடக்கத்தில் பக்குவமாகும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஊரே இதைத்தான் சாப்பிடும். 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் கிடைத்திருக்கிறது.

உரோமானியர்கள் உயிராக நினைத்த 'காரும்' என்ற மீன்சாற்றின் வாரிசு இது. அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த உரோமானிய ஜாடிகளில் மதுவும் எண்ணெயும் வந்தவற்றோடு, அந்த மீன்சாறு வந்தவையும் உண்டு. நம் கரைக்கு ஒரு காலத்தில் கப்பலேறி வந்த சரக்கின் பேரப்பிள்ளையைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தபோது மெய் சிலிர்த்தது.

தட்டு காலியானதும் லிமோன்செல்லோ என்ற எலுமிச்சை மது வந்தது. கடைக்குப் பின்னால் மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் தோட்டங்களில், நீண்டு கூர்ந்த முனையுள்ள 'ஸ்ஃபுசாத்தோ' எலுமிச்சை காய்க்கிறது. அதன் மஞ்சள் தோலை மட்டும் சீவிச் சுத்தமான ஆல்கஹாலில் ஊறவைத்து, சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள். வெள்ளைப் பகுதி கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் கசந்துவிடும். உறையக் குளிர்ந்த சின்னக் கண்ணாடிக் குவளை. ஒரு மிடறில் எலுமிச்சந்தோல் எண்ணெயின் மணம் மூக்கில் ஏறியது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து வந்த கரிய மதுதான். 'கொன்செர்த்தோ' என்கிறார்கள். பக்கத்து மலையூரான ட்ரமோந்தியின் கன்னியர் மடத்தில் பிறந்தது. மூலிகைகளோடு பட்டை, கிராம்பு, பார்லி, காப்பி எல்லாம் ஊறிய திரவம். நம் வீட்டுக் கஷாயத்துக்கு இனிப்பும் போதையும் சேர்த்தால் எப்படியோ, அப்படி. மீன் சாப்பிட்ட வயிற்றுக்கு அத்தனை இதம்.

கொலத்தூரா ஒரு சிறு குப்பி வாங்கி, சட்டைகளுக்கு நடுவே சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். சூடான சோற்றில் எண்ணெயும் பூண்டும் சேர்த்து, ஒரு தேக்கரண்டி விட்டுப் பிசைந்து அம்மாவிடம் நீட்டினேன். என்னவென்று சொல்லவில்லை. ஒரு வாய் வைத்ததுமே, "நெத்திலிதானே?" என்றார்.