இரண்டாவது கிளாஸ்

"இன்னா தம்பி, மொதல்ல குட்ச்ச மாரி இல்லியே?"

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த ஹோட்டல் பாரில் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. "ஐஸ் கரைஞ்சிருக்கும்ணா" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் பதில்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஹார்பர் ஆட்கள் எட்டு பேர், ரிடையர்மென்ட் பார்ட்டி. அவர் மட்டும் கவுன்ட்டருக்கு எழுந்து வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார்: "நான் விட்டு நாலு வருசம் ஆவுது தம்பி. சரக்கு இல்லாம எதனா போட்டுக் குடு." வெறும் ஜூஸ் வைத்தால் மேசையில் கேலி செய்வார்களே என்று ப்ளூ லகூன் மாக்டெயில் போட்டேன். எலுமிச்சை, லெமன் சோடா, ப்ளூ குராசோ சிரப்.

குராசோ என்ற பேரில் எங்களிடம் இரண்டு பாட்டில் உண்டு. ஒன்று சிரப், ஆல்கஹால் கிடையாது. இன்னொன்று லிக்கர், அதாவது இனிப்பான மதுபானம், நூற்றுக்கு 25 ஆல்கஹால். இரண்டும் ஒரே நீலம். அந்த நீலம் வெறும் சாயம்தான். ருசியெல்லாம் ஆரஞ்சுத் தோலிலிருந்து வருவது. குராசோ என்பது கரீபியன் கடலில் ஒரு தீவு. ஸ்பெயின்காரர்கள் கொண்டுபோய் நட்ட ஆரஞ்சு அந்த வறண்ட மண்ணில் வாயில் வைக்க முடியாத கசப்பாகிவிட்டது. ஆனால் தோலைக் காயவைத்தால் அப்படி ஒரு மணம். ஆரஞ்சுத் தோலை மாடியில் காயவைத்துக் குளியல் பொடிக்கு அரைக்கும் வீடு எங்களுடையது. அதனால் முதல் தடவை அந்த பாட்டிலைத் திறந்தபோதே எனக்கு அது பழகிய வாசனை. மார்கரிட்டா என்ற காக்டெயிலில் டெக்கிலா சரக்கின் காரத்தையும் எலுமிச்சையின் புளிப்பையும் சேர்த்துக் கட்டுவது இந்த ஆரஞ்சு லிக்கர்தான். சைட்கார் என்ற காக்டெயிலில் பிராந்திக்கும் அதே வேலையைச் செய்கிறது. 1875இல் பிரான்சின் ஆன்ஜெர் ஊரில் வந்த குவான்த்ரோவும் ஆரஞ்சு லிக்கர்தான், ஆனால் நிறமே இல்லாதது, ஆல்கஹால் 40 சதவீதம். இதையெல்லாம் ஆசையாகப் படித்து வைத்திருந்தவன் நான். அன்றைக்கு அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை.

அந்த இரண்டு பாட்டிலும் ரேக்கில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. இரண்டின் வாயிலும் ஒரே மாதிரி போரர், அதாவது ஊற்றும் மூக்கு. பழகிய கை பார்க்காமலே எடுக்கும், ஊற்றும். அவர் "இன்னொண்ணு போடு தம்பி" என்று வந்தபோது, லேபிளைப் பார்த்து சிரப்பை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது, முதல் தடவை லேபிளைப் பார்க்கவே இல்லையே என்று.

ஒரு வாய் குடித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

லிக்கராகவே இருந்திருந்தாலும் 20 மில்லிதான். அதில் ஆல்கஹால் 5 மில்லி. ஒரு சின்ன பெக்கில் பாதிகூட இல்லை. சோடா வாயுவும் ஐஸும் குறைந்தாலே ருசி மாறும், அது உண்மைதான். இந்தக் கணக்கை எத்தனை ராத்திரி போட்டிருப்பேன். ஆனால் அவர் என்னிடம் கேட்டது குறைவாக ஊற்று என்று அல்லவே.

முதல் கிளாஸ் கவுன்ட்டரிலேயே இருந்தது. அடியில் ஒரு வாய் மிச்சம். நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும், லிக்கர் தொண்டையில் லேசாகச் சுடும். நான் அதை சிங்க்கில் கொட்டிக் கழுவிவிட்டேன். அவசரத்தில் கொட்டினேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் ஒரு ஆர்டர்கூட நிலுவையில் இல்லை.

பாரில் எங்களை மேற்பார்க்கும் கேப்டன் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "கலந்திருக்கலாம்னு சொல்லி வச்சின்னா, அந்த நெனப்பே அவரைத் திரும்ப குடிக்க வச்சிரும்டா. விட்டுடு" என்றார். சரி என்றுதான் பட்டது. நாலு வருடத்தைக் கட்டிக் காத்தவரிடம் என் சந்தேகத்தைக் கொண்டுபோய் இறக்குவது என்ன நியாயம்? அப்புறம் வீட்டுக்குப் போய்ப் படுத்தால், தன் உடம்புக்குள் என்ன போனது என்று தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்தானே, அதை முடிவு செய்ய நான் யார் என்று தோன்றும். இரண்டில் எது சரி என்று இன்றுவரை என்னால் ஒரு பக்கமாக நிற்க முடியவில்லை. வேலைக்காக பயந்து வாயை மூடிவிட்டு, அதற்கு அவருடைய நன்மை என்று பெயர் வைத்தேனோ என்றும் இருக்கிறது.

மறுநாளே லிக்கரை மேல் தட்டுக்கு மாற்றி, சிரப் பாட்டில் கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டேன். இப்போது வேறு இடத்தில் வேலை, அங்கும் அப்படித்தான் வைக்கிறேன்.

போன மாதம் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். எதிர் டீக்கடையில் நின்றிருந்தார், கையில் டீ. என்னை அடையாளம் தெரிந்து, "இன்னா தம்பி, நல்லாக்கீறியா?" என்று கேட்டார். நல்லா இருக்கேண்ணா என்றேன். அவரிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.