பனால் என்றொரு சொல்லும் நம்ம தனுஷ்கோடியும்

புதிதாக எதுவுமே இல்லாத, கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன விஷயத்துக்கு ஆங்கிலத்தில் 'பனால்' (banal) என்று ஒரு சொல் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகளோடு உட்கார்ந்து படித்ததில் எனக்கும் பிடித்துப்போனது. மூலம் பிரெஞ்சு. நிலப்பிரபுக்கள் காலத்தில் அங்கே ஊருக்கு ஊர் பிரபுவின் ரொட்டி அடுப்பும் மாவு ஆலையும் இருக்கும். குடியானவர்கள் காசோ தானியமோ கொடுத்து அங்கேதான் அரைக்க வேண்டும், அங்கேதான் சுட வேண்டும். அந்தக் கட்டாயத்தைக் குறித்த சொல் மெல்ல 'எல்லாருக்கும் பொதுவானது' என்றாகி, கடைசியில் அரைத்த மாவையே அரைப்பதில் வந்து நிற்கிறது. மாவு ஆலையில் தொடங்கிய சொல்லுக்கு இது பொருத்தம்தான்.

ஆனால் அவள் புத்தகத்தில் பொருள் 'சாதாரணம்' என்று மட்டும் போட்டிருந்தது. "அப்போ நம்ம பாம்பனே பனால்தானா சித்தி?" என்று கேட்டாள். இல்லவே இல்லை.

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போவது இங்கே யாரும் திரும்பிப் பார்க்காத வேலை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து வருகிறார்கள். அதிலிருந்துதான் ஜெல்லி மாதிரி உறைய வைக்கும் அகர் எடுக்கிறார்கள். நமக்குப் பழகிய காட்சி, சரி. பழகியதாலேயே அது சப்பென்று ஆகிவிடுமா?

பனால் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது தனுஷ்கோடி வீடியோக்கள். எதைத் திறந்தாலும் 'பேய் நகரம்', இடிந்த தேவாலயம், 1964 டிசம்பர் புயல், சோகமான இசை. புயலும் சாவும் உண்மை, அன்றைக்கு ஒரு ரயிலே அலையில் போனதும் உண்மை. அதைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டு மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன, கரைவலை இழுக்கிறார்கள், கருவாடு காய்கிறது. உயிரோடு இருக்கிறவர்கள் நடுவில் நின்றுகொண்டு பேய் நகரம் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொரு பனால், 'வடக்கே சாதுவான பெண் கடல், தெற்கே சீறும் ஆண் கடல்' என்ற வரி. பெயர்கள் நம் ஆட்கள் சொல்வதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது வடக்குப் பக்கம், அதாவது பாக் நீரிணைப் பக்கம் வந்து பாருங்கள், அந்தச் சாது எப்படிக் கொந்தளிக்கும் என்று தெரியும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கே மன்னார் வளைகுடா முரண்டு பிடிக்கும். அதனால்தான் காற்று மாற மாற வள்ளங்களைக் கரை மாற்றிக் கட்டுகிறார்கள். எந்த மாதம் எந்தக் கரையில் நிற்கிறோம், காற்று எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணனிடம் கேட்டாலே அந்த வரி மாறிவிடும், அவரும் சந்தோஷமாகச் சொல்வார்.