படி, படு: ஐடி மோதல் பற்றிய நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

நெட் இல்லாதபோதும் பலர் சேர்ந்து எழுதக்கூடிய குறிப்பேட்டுச் செயலி. உள்ளே சிஆர்டிடி (CRDT): தனித்தனியாகச் செய்த மாற்றங்களை நடுவர் இல்லாமலே எல்லாச் சாதனத்திலும் ஒரே முடிவாக இணைக்கும் தரவமைப்பு. ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் ஐடி வேண்டும். ஆனால் அதை வழங்க நடுவில் சர்வர் கிடையாது. ஆட்டோ இன்கிரிமென்ட் (டேட்டாபேஸே அடுத்த எண்ணைத் தருவது) என்று போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிற சுகம் இங்கே இல்லை. ஆஃப்லைனில் இருக்கும் ரெண்டு போனும் அடுத்த எண் 41 என்றுதான் சொல்லும்.

அதனால் ஐடி ஒரு ஜோடி: எந்தச் சாதனம், அது போட்டதில் எத்தனையாவது. ரயிலில் எஸ்5, 32 என்கிற மாதிரி. 1978-இல் கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் தன் லாஜிக்கல் கடிகாரத்துக்கு (மணிக்குப் பதில் எண்ணால் நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் முறை) சொன்ன வழியும் கிட்டத்தட்ட இதுதான்: எண் ஒன்றாக இருந்தால் எந்த ப்ராசஸ் (ஓடும் நிரல்) என்று பார்த்து வரிசைப்படுத்து. சரி, சாதனத்துக்கு யார் பெயர் வைப்பது?

மார்ச் 5, புதன்

ட்விட்டரின் ஸ்னோஃப்ளேக் என்ற ஐடி உருவாக்கும் முறை 64 பிட்டில் 10 பிட்டை மெஷினுக்கு ஒதுக்குகிறது. 1,024 மெஷின், அந்த எண்களை யாராவது பங்கிட்டுத் தர வேண்டும். போன்களுக்குச் சரிப்படாது. ரேண்டம்தான்.

எத்தனை பிட்? ஒய்ஜேஎஸ் (Yjs) என்ற சிஆர்டிடி நூலகம் இந்தப் பெயருக்கு 32 பிட் எண்ணைத்தான் வைத்துக்கொள்கிறது. பார்த்ததும் கொஞ்சம் பகீரென்றது. ஆனால் மோதல் (ரெண்டு சாதனத்துக்கு ஒரே பெயர்) ஒரே ஆவணத்துக்குள் நடந்தால்தான் வம்பு. ஓர் ஆவணத்தில் 100 பெயர் இருந்தால் ஏதோ ரெண்டு ஒன்றாக இருக்க வாய்ப்பு சுமார் 8.7 லட்சத்தில் ஒன்று. 1,000 ஆனால் 8,600-இல் ஒன்று. 77,000-ஐத் தொட்டால் பாதிக்குப் பாதி. பெயர் பத்து மடங்கு கூடினால் ஆபத்து நூறு மடங்கு கூடுகிறது.

யூயூஐடி 4 என்ற 16 பைட் ஐடி வகையில் ரேண்டம் மட்டும் 122 பிட். அதை எடுத்துக்கொள்கிறேன். 16 பைட்டுக்குக் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம்.

மார்ச் 7, வெள்ளி

122 பிட்டும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு: காப்பி.

போனின் பெயர் அ என்று வையுங்கள். ஃபைலில் 'பட' என்று இருக்கிறது, கவுண்டர் (இதுவரை போட்ட கடைசி எண்) 500. அந்த நிலையில் பேக்கப் ஆகிறது. அப்புறம் ஒரு இகரக் கொக்கி: 501. லேப்டாப்புக்குப் போய்ச் சேர்ந்து அங்கே 'படி'. போனை ரீஸ்டோர் செய்கிறார்கள். கவுண்டர் மறுபடி 500. நெட் வருவதற்குள் உகரம் தட்டுகிறார்கள். அதுவும் அ, 501.

இப்போது சிங்க். "அ-விடமிருந்து 501 வரை இருக்கிறது" என்கிறது லேப்டாப். போனும் அதையே சொல்கிறது. பரிமாற ஒன்றுமில்லை, ரெண்டுக்கும் திருப்தி. ஒன்றில் படி, மற்றதில் படு. எர்ரர் கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது. 502 வந்தால் இரண்டு பக்கமும் அதைத் தங்கள் 501-க்குப் பின்னால் சாவகாசமாக ஒட்டிக்கொள்ளும். சிஆர்டிடியின் நிரூபணங்கள் எல்லாம் ஐடி தனித்தன்மை உடையது என்ற ஊகத்தின் மேல் நிற்கின்றன. அது போனால் எந்தத் தேற்றமும் துணைக்கு வராது.

பெயரை லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசரின் சேமிப்பிடம், டேபுகளுக்குப் பொது) வைத்தால் ஒரே பிரவுசரின் ரெண்டு டேபுக்கும் இதே கதி. இன்னொரு வகையும் உண்டு. 2008-இல் வெளிவந்த டெபியன் லினக்ஸின் ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) கோளாறில், ரேண்டமுக்கு மிஞ்சிய ஊற்று ப்ராசஸ் எண் மட்டுமே: 32,768 சாத்தியங்கள். பிட் நீளம் வேறு, உண்மையில் கலந்திருக்கும் ரேண்டம் வேறு.

மார்ச் 11, செவ்வாய்

முடிவு: பெயரைச் சேமிப்பதில்லை. செயலி திறக்கும்போதெல்லாம் புதுப் பெயர், கவுண்டர் பூஜ்யத்திலிருந்து. ரீஸ்டோரானாலும் பழைய அ இனி எழுதாது. ஒய்ஜேஎஸும் இப்படித்தான்.

விலை இருக்கிறது. யாரிடமிருந்து எதுவரை வந்தது என்ற பட்டியல், திறந்து ஏதாவது எழுதிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி நீளும். தினமும் பத்துத் தடவை திறப்பவரின் ஆவணம் வருடக் கடைசியில் அசிங்கமாகத்தான் இருக்கும். அது மெதுவாக வளரும் தொல்லை, அளந்து பார்க்கலாம். 'படி, படு' கண்ணுக்கே தெரியாது. முதலாவதே மேல்.

கூடவே ஒரு காவல்: என் பெயரில் நான் எழுதாத எண் வெளியிலிருந்து வந்தால் உடனே பெயரை மாற்றிவிட வேண்டும். எண்கள் சமமாக இருந்தால் இது பிடிக்காது, அதனால் இரண்டாம் வரிசைதான்.

ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து, இரண்டையும் திறந்து, ஒன்றில் இகரமும் மற்றதில் உகரமும் தட்டும் டெஸ்டைச் சேர்த்தாயிற்று. நாளைக்குப் பட்டியலைச் சுருக்கும் வேலை.